பெட்டிய வாசல்லயே வைங்க, முதல்ல அவங்களப் பாருங்க (வாசகர் கேள்வி பதில்)

போன தடவை பதில் எழுதும்போது நடுவுல ஒரு வரி போட்டிருந்தேன், 9 நாள் ஆபீஸ் வேலையா வெளியூர் போயிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்தா எங்க ரெண்டு நாயும் என்னைத் தரையில உட்கார வெச்சு மேல ஏறிப் படுத்துகிச்சுங்கன்னு. அந்த ஒரு வரிக்கு இத்தனை பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. அதனால இந்த தடவை முழுக்க அதுதான், வேற கேள்வியெல்லாம் அடுத்த தடவை எடுத்துக்கறேன். முன்னாடியே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. 20 வருஷமா நாய்ங்களோட வாழறவ, மாசத்துல பாதி நாள் பயணத்துல இருக்கறவ. எங்க வீட்டுல இப்ப இருக்கறது 13 வயசு பெரியவன், அப்புறம் 3 வயசு மின்னல். உடம்பு சம்பந்தமா எதுவா இருந்தாலும் உங்க கால்நடை டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

கேள்வி: அக்கா, நானும் மாசத்துல ஒரு வாரமாவது வேலைக்காக வெளியூர் போறவன். திரும்பி வந்தா ரெண்டு நாயும் தலைகால் புரியாம குதிக்குது, ஒரு தடவை என் மூக்குக்கண்ணாடியே உடைஞ்சு போச்சு. ஒரு ட்ரெய்னர், உள்ள வந்து 15 நிமிஷம் அதுங்கள கண்டுக்கவே கூடாது, முகத்தக்கூட பார்க்கக் கூடாதுன்னு சொன்னாரு. அப்படியே செய்யறேன், ஆனா மனசு கேக்கல. அவர் சொல்றது சரியா?

பதில்: உங்க மனசு சொல்றதுதான் சரி தம்பி. இந்த "கண்டுக்காத" யோசனை ரொம்ப காலமா சுத்திகிட்டு இருக்கு, நாய் அமைதியாகணும்ங்கற நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, ஆனா ஸ்வீடன்ல தெரீஸ் ரேன்ங்கற ஆராய்ச்சியாளரும் அவங்களோட வேலை செய்யறவங்களும் இதையே சோதிச்சுப் பார்த்து 2014ல எழுதியிருக்காங்க. 12 பீகிள் நாய், அதுங்களுக்கு நல்லா பழக்கமான ஒருத்தர் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு திரும்பி வரணும், ஒரு தடவை வந்ததும் தொட்டுத் தடவி பேசறது, ஒரு தடவை வாய்ப்பேச்சு மட்டும், ஒரு தடவை சுத்தமா கண்டுக்காம இருக்கறது, கூடவே ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. பாசத்தோட சம்பந்தப்பட்ட ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் இருக்கில்ல, அது பழகின ஆளப் பார்த்ததுமே மூணு விதத்துலயும் ஏறிடுது, ஆனா ஏறினது அப்படியே நிக்கறது தொட்டுத் தடவினப்போ மட்டும்தான். அதாவது உங்க கை அது மேல பட்டாதான் அந்த சந்தோஷம் முழுசாகுது.

அப்ப கண்ணாடி உடையறத என்ன பண்றது? அது ஏன் மூஞ்சிய நோக்கியே குதிக்குதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. ஓநாய்க் குட்டிங்க, வேட்டைக்குப் போயிட்டு வர்ற பெருசுங்களோட வாயத்தான் ஓடிப்போய் நக்கும். வீட்டு நாய்க்கும் அந்தப் பழக்கம் விட்டுப் போகல. உங்க வாய் 5 அடி உயரத்துல இருக்கு, அது என்ன பண்ணும், குதிச்சுதான் ஆகணும். அதனால நீங்க கீழ வாங்க. நான் செய்யறது இதுதான்: கண்ணாடியக் கழட்டி பாக்கெட்ல வெச்சுக்குவேன், பெட்டி பை எல்லாத்தையும் வாசல்லயே விட்டுட்டு வெறுங்கையோட உள்ள வந்து நேரா தரையில உட்கார்ந்துடுவேன், சுவத்துல முதுகு சாஞ்ச மாதிரி, இல்லன்னா பின்னாடி தள்ளிடும். கத்த மாட்டேன், "அய்யோ என் தங்கமே"ன்னு கீச்சுக்குரல்லயும் பேச மாட்டேன், நம்ம குரல் மேல போனா அதுங்க குரலும் மேலதான் போகும். தாழ்ந்த குரல்ல நிறுத்தாம பேசிகிட்டே நெஞ்சுப் பக்கமும் காது அடியிலயும் நீளமா தடவிக் கொடுப்பேன். மின்னல் முதல் 2 நிமிஷம் பம்பரம் மாதிரி சுத்துவா, அப்புறம் மடியில விழுவா, அப்புறம் ஒரு பெருமூச்சு விடுவா பாருங்க, அந்த மூச்சுக்காகத்தான் நான் அத்தனை தூரம் வந்தேன்னு தோணும்.

கீழ உட்கார முடியாதவங்க, முழங்கால் வலி இருக்கறவங்க, ஒரு கைப்பிடி தின்பண்டத்த தரையில பரவலா தூவி விடுங்க. மூக்கு தரைக்குப் போயிடும், மோப்பம் பிடிச்சுத் தின்ன தின்ன அதுவாவே கொஞ்சம் நிதானமாகும், அதுக்குள்ள நீங்க ஒரு நாற்காலியில உட்கார்ந்துடலாம். நாலு காலும் தரையில இருக்கறப்போ தடவுங்க, குதிச்சா கைய எடுத்துக்குங்க, இறங்கினா திரும்ப தடவுங்க. வீட்டுல எல்லாரும் இதே மாதிரி செஞ்சா ரெண்டு மூணு பயணத்துலயே வித்தியாசம் தெரியும். ஒருத்தர் மட்டும் குதிக்கவிட்டு ரசிச்சா கதை முடிஞ்சுது.

கேள்வி: ரெண்டு நாள்ல வந்தாலும் 20 நாள்ல வந்தாலும் எங்க டாமி ஒரே மாதிரிதான் ஆடறான். நாய்க்கு நேரமே தெரியாதா?

பதில்: தெரியும். மேல சொன்ன அதே ரேன், லிண்டா கீலிங்னு இன்னொருத்தரோட சேர்ந்து 2011ல எழுதின ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. 12 வீட்டு நாய்ங்கள அரை மணி நேரம், 2 மணி நேரம், 4 மணி நேரம்னு தனியா விட்டு கேமராவுல பார்த்தாங்க. அரை மணி நேரத்துல ஆள் திரும்பினத விட 2 மணி நேரம் கழிச்சு வந்தப்போ வரவேற்பு பலமா இருந்திருக்கு, வால் அதிகமா ஆடுது, உடம்ப அதிகமா உலுக்குது. ஆனா 2க்கும் 4க்கும் நடுவுல பெரிய வித்தியாசம் தெரியல. உங்க டாமியும் அந்த மாதிரிதான், அவன்கிட்ட இருக்கற சந்தோஷம் மொத்தத்தையும் ரெண்டாம் நாளே கொட்டிடறான், 20ஆம் நாளுக்குன்னு கூடுதலா கொட்டறதுக்கு என்ன மிச்சம் இருக்கு. வரவேற்புல தெரியாத வித்தியாசம் வேற இடத்துல தெரியும், அதப் பாருங்க. நீங்க நீண்ட பயணம் போயிட்டு வந்தா அடுத்த ரெண்டு மூணு நாள் பாத்ரூம் வரைக்கும் பின்னாடியே வருவான், பகல்ல அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குவான். நீங்க இல்லாதப்போ வாசல்ல காதை வெச்சுகிட்டு அரைத்தூக்கம் தூங்கினவன் இப்பதான் நிம்மதியா தூங்கறான், எழுப்பாதீங்க.

கேள்வி: எல்லார் நாயும் ஓடி வருதுங்கறாங்க, 3 வாரம் ட்ரெய்னிங் போயிட்டு ஆசையா வந்தா என் பொண்ணு (லேப்ரடார், 4 வயசு) கிட்டவே வரல. மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிகிட்டு அம்மா ரூமுக்குள்ள போய் படுத்துட்டா. ராத்திரி பூரா அழுதேன் அக்கா. என் மேல கோவமா, மறந்துட்டாளா?

பதில்: ரெண்டும் இல்லம்மா. இந்தக் கடிதத்த படிச்சுட்டு எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா பெரியவன் சின்ன வயசுல எனக்கு இதையேதான் பண்ணான்.

முதல்ல மறதி விஷயம். சார்லஸ் டார்வின் கப்பல்ல உலகத்த சுத்திட்டு 1836ல வீடு திரும்பினார். வீட்டுல ஒரு நாய், அந்நியர் யாரையும் அண்டவிடாத முரட்டு நாய். அதுக்கு ஞாபகம் இருக்கான்னு பார்க்கணும்னே அது இருந்த லாயத்துக்குப் பக்கத்துல போய் பழைய மாதிரியே குரல் கொடுத்திருக்கார், 5 வருஷமும் 2 நாளும் கழிச்சு. அது ஓடி வந்து குதிக்கல. சந்தோஷத்தயே காட்டலன்னுதான் அவர் எழுதியிருக்கார். ஆனா உடனே எழுந்து அவர் பின்னாடி நடக்க ஆரம்பிச்சிருக்கு, அவர் சொன்னதெல்லாம் கேட்டிருக்கு, ஏதோ அரை மணி நேரத்துக்கு முன்னாடிதான் பிரிஞ்ச மாதிரி. 5 வருஷத்தயே மறக்காத ஜாதி அது, உங்க 3 வாரத்தயா மறக்கப் போகுது?

கோவம்னு நாம நினைக்கறது பெரும்பாலும் தடுமாற்றம். உருவம் உங்க உருவம், குரல் உங்க குரல், ஆனா மேல அடிக்கற வாசனை வேற. புது சோப்பு, புது படுக்கை, தெரியாத மனுஷங்க, தெரியாத நாய்ங்கன்னு அத்தனையும் ஒண்ணா வருது. நாய் உலகத்துல மூஞ்சியத் திருப்பறது, உதட்டை நக்கறது, தூக்கம் வராமலே கொட்டாவி விடறது எல்லாம் "கொஞ்சம் மெதுவா, எனக்கு டைம் கொடு"ங்கறதுக்கான பேச்சு. இன்னொண்ணும் இருக்கு, 3 வாரமா அவளுக்கு சோறும் நடையும் தூக்கமும் அம்மாவோட, அந்தப் பழக்கம் ஒரு ராத்திரியில மாறாது, மாறவும் கூடாது, நீங்க இல்லாதப்போ அவளுக்கு ஒரு பிடிமானம் இருந்ததுக்கு நாம சந்தோஷப்படணும். பின்னாடியே போய் கட்டிப் பிடிக்காதீங்க. அதே ரூம்ல கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டுல திரும்பி உட்கார்ந்து ஏதாவது படிச்சுகிட்டு இருங்க. வந்தா தடவுங்க, 3 செகண்ட் தடவிட்டு நிறுத்திப் பாருங்க, இன்னும் வேணும்னா அவளே மூக்கால கைய இடிப்பா. மறுநாள் காலையில அவ வழக்கமா போற நடைக்கு நீங்க கூட்டிட்டுப் போங்க, அதே ரோடு, அதே நேரம். டார்வினோட நாய் மாதிரி நடக்க ஆரம்பிச்சதும் சரியாகிடும். ஒரு வாரத்துக்கு மேலயும் ஒதுங்கியே இருந்தா, இல்ல சாப்பாட்டையும் ஒதுக்கினா, அது பாச விஷயம் இல்ல, எங்கயோ வலி இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்க.

கேள்வி: 10 நாள் கழிச்சு என்னைப் பார்த்ததும் எங்க நாய் கண்ணுல தண்ணி தளும்பி நின்னுச்சு. அழுததுன்னு சொன்னா வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்கறாங்க.

பதில்: தண்ணி வந்தது நிஜம்தான்னு வீட்டுல சொல்லுங்க. ஜப்பான்ல அசாபு யுனிவர்சிட்டில டகேஃபூமி கிகுசுயி குழு 2022ல இத அளந்தே பார்த்திருக்காங்க, கண்ணோட கீழ் இமையில ஒரு சின்ன பேப்பர் துண்டு வெச்சு எவ்வளவு ஈரம் ஏறுதுன்னு பார்க்கற முறை. சில மணி நேரப் பிரிவுக்கு அப்புறம் தன்னை வளர்க்கறவங்களப் பார்த்தப்போ கண்ணீர் அளவு கூடியிருக்கு, பழக்கமான வேற ஒருத்தரப் பார்த்தப்போ கூடல. அதுக்கும் ஆக்ஸிடோசின்தான் காரணமா இருக்கும்னு சொல்றாங்க. நம்மள மாதிரி சோகத்துல கன்னத்துல வழியற அழுகை இல்ல இது, கண்ணு நிறையறது. ஒரு விஷயம் மட்டும், ஒரே கண்ணுல தொடர்ந்து வடிஞ்சாலோ, கண்ணு சிவந்து சுருக்கிகிட்டு இருந்தாலோ, அது கண் நோய், தள்ளிப் போடாதீங்க.

கேள்வி: என்னைப் பார்த்த சந்தோஷத்துல எங்க 7 மாச குட்டி நின்ன இடத்துலயே மூத்திரம் போயிடுது. திட்டியும் பார்த்தாச்சு.

பதில்: திட்டறத இன்னைக்கோட நிறுத்துங்க, திட்டினா இன்னும் அதிகமாகும். அது வேணும்னு செய்யறது இல்ல, அடக்கற தசை இன்னும் முழுசா வசப்படல, சந்தோஷமும் கொஞ்சம் பயமும் கலந்து வர்றப்போ விட்டுப் போகுது. மேல குனிஞ்சு கண்ணையே பார்க்காம பக்கவாட்டுல உட்காருங்க, தலைக்கு மேல கை கொண்டு போகாம தாடைக்கு அடியில தடவுங்க, முடிஞ்சா முதல் சந்திப்ப வெளியில திறந்த இடத்துல வெச்சுக்குங்க. பெரும்பாலும் 1 வயசு வாக்குல நின்னுடும். வளர்ந்த நாய்க்குத் திடீர்னு இப்படி ஆரம்பிச்சா யூரின் டெஸ்ட் பண்ணிப் பாருங்க.

கேள்வி: ரெண்டு ஆண் நாய், கூடவே வளர்ந்தது, மத்த நாள்ல ஒரே தட்டுல சாப்பிடும். ஆனா நான் டூர் முடிஞ்சு வர்ற அந்த நிமிஷம் மட்டும் வாசல்ல ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்குது. போன தடவை பிரிச்சு விடப் போய் என் கையில தையல்.

பதில்: இதப் பலரும் பொறாமைன்னு நினைக்கறாங்க, எனக்கு அப்படித் தோணல. உற்சாகம் உச்சத்துல இருக்கு, வாசல் குறுகலான இடம், ரெண்டும் உங்ககிட்ட போகணும்னு தவிக்குது, ஒண்ணு இன்னொண்ண இடிச்சதும் அந்த வேகம் முழுக்க பக்கத்துல இருக்கறவன் மேல பாயுது. கையில சாப்பாட்டு வாசனை அடிக்கற பை இருந்தா இன்னும் மோசம்.

அதனால சந்திப்ப வாசல்ல வெச்சுக்காதீங்க. கிளம்பும்போதே வீட்டுல இருக்கறவங்களுக்கு போன் பண்ணி ரெண்டையும் வேற வேற ரூம்ல விடச் சொல்லுங்க. நீங்க வந்து, பெட்டிய எட்டாத இடத்துல வெச்சு, கொஞ்சம் தண்ணி குடிச்சு, அப்புறம் ஒவ்வொண்ணா பாருங்க, ஆளுக்கு 10 நிமிஷம், கதவ சாத்திகிட்டு. ரெண்டும் அடங்கினதும் ரெண்டையும் பெல்ட்ல போட்டு வெளியில ஒரு நடை கூட்டிட்டுப் போய் ஒண்ணா உள்ள கொண்டு வாங்க. யார முதல்ல பார்க்கறதுன்னு கேட்டா, காத்திருக்கறதுக்கு அதிகம் தவிக்கறவன முதல்ல பாருங்கன்னுதான் சொல்வேன், தலைவன் யாருங்கற கணக்கெல்லாம் வேண்டாம். அப்படியும் சண்டை வந்துட்டா கைய உள்ள விடவே விடாதீங்க, கழுத்துப் பட்டையப் பிடிக்கப் போனா திரும்பி நம்மளத்தான் கடிக்கும், அந்த நேரத்துல அதுக்கு யாருன்னு தெரியாது. ஒரு பெரிய சத்தம், இல்ல நடுவுல ஒரு நாற்காலி, அட்டை, தலகாணி எதையாவது நுழைச்சுப் பிரிங்க. ரத்தம் வர்ற அளவுக்கு ரெண்டு தடவை ஆயிடுச்சுன்னா நாய் நடத்தை தெரிஞ்ச டாக்டர நேர்ல வரவெச்சுப் பார்க்கச் சொல்லுங்க, இதுக்கு மேல எழுத்துல தீர்க்கற விஷயம் இல்ல.

கேள்வி: நான் ஊர்ல இல்லாத 6 நாளும் பராமரிப்பு இல்லத்துல விட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து 4 நாள் கழிச்சு தொண்டையில ஏதோ மாட்டின மாதிரி வறட்டு இருமலா இருமறான், கடைசில ஓங்கரிக்கறான். பிரிவு ஏக்கமா?

பதில்: ஏக்கம் இருமலா வராது. நீங்க சொல்ற இருமல், வறட்டு இருமல், கடைசில வாந்தி எடுக்கற மாதிரி ஓங்கரிக்கறது, கென்னல் காஃப்ங்கற தொத்து இருமல் மாதிரி தெரியுது. நிறைய நாய் ஒரே இடத்துல இருந்தா சுலபமா ஒட்டிக்கும், ஒட்டி 2 நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள வெளிய தெரியும், உங்க கணக்கும் ஒத்துப் போகுது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு மூணு வாரத்துல தானா குறையும், ஆனா டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க, குட்டியோ வயசானதோ சப்பை மூக்கு ஜாதியோ இருந்தா உடனே காட்டுங்க. கழுத்துப் பட்டைய கழட்டிட்டு நெஞ்சுப் பட்டை போடுங்க, மத்த நாய்ங்ககிட்ட விடாதீங்க. வீட்டுக்கு வந்த அன்னைக்கே உடம்பு பூரா விரல் விட்டு உண்ணி இருக்கான்னு பாருங்க, காதுக்குள்ள, கால்விரல் இடுக்குல, வால் அடியில.

வீட்டுக்கு வந்த முதல் நாள் ரெண்டாம் நாள் மலம் சளி மாதிரி கலந்து கொஞ்சம் கொஞ்சமா இளகிப் போறது அலைச்சலாலயும் வரும். ஆனா ரத்தம் தெரிஞ்சாலோ, வாந்தியும் சேர்ந்துகிட்டாலோ, வளர்ந்த நாய் 2 நாளா சாப்பிடாம இருந்தாலோ காத்திருக்காதீங்க, குட்டின்னா ஒரு நாள்கூட காத்திருக்காதீங்க.

இதுலயே இன்னொண்ணையும் சொல்லிடறேன், யாரும் கேக்கல ஆனா சொல்லணும். பயணத்துல வழியில பார்க்கற நாயையெல்லாம் கொஞ்சறது நம்ம பழக்கம், எனக்கும் உண்டு. குட்டிங்களுக்கு வாந்தி பேதி வரவெச்சு உயிருக்கே ஆபத்தாகற பார்வோ வைரஸ் செருப்புல ஒட்டிகிட்டு வீடு வரைக்கும் வரும், மண்ணுல மாசக்கணக்கா உயிரோட கிடக்கும். வீட்டுல தடுப்பூசி முழுசா முடியாத குட்டி இருந்தா செருப்ப வெளியிலயே விட்டுட்டு கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு, மேல போட்டிருக்கற துணியயும் மாத்திட்டு தொடுங்க. அந்த 5 நிமிஷம் வாசல்ல அது கத்தறத கேக்கறது கஷ்டம்தான், பரவாயில்ல.

கேள்வி: தினமும் ராத்திரி ஹோட்டல் ரூம்ல இருந்து வீடியோ கால் பண்ணி பேசறேன். நல்லதா?

பதில்: நாயப் பொறுத்தது. குரல் கேட்டதும் வால ஆட்டிட்டு படுத்துட்டா நல்லது, தொடருங்க. எழுந்து வாசலுக்கும் ரூமுக்கும் ஓடித் தேடுதுன்னா நிறுத்திடுங்க, குரல் இருக்கு ஆளக் காணோம்னா அது என்ன பாடுபடும். அந்த கால் உங்க ஏக்கத்துக்குத்தான்னா, வீட்டுல இருக்கறவங்கள அது தூங்கறப்போ சத்தம் இல்லாம காட்டச் சொல்லுங்க. நான் அப்படித்தான் பார்க்கறேன்.

அதவிட நல்லது நீங்க போட்ட துவைக்காத சட்டை ஒண்ணு. அமெரிக்காவுல எமரி யுனிவர்சிட்டியில கிரெகரி பெர்ன்ஸ்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு, முழிச்சிருக்கற நாய்ங்கள அசையாம எம்.ஆர்.ஐ. மெஷின்ல படுக்கப் பழக்கி, வெவ்வேற வாசனைய மோக்க வெச்சுப் பார்த்தாங்க, பழகின மனுஷன், தெரியாத மனுஷன், பழகின நாய், தெரியாத நாய், அப்புறம் அதோட சொந்த வாசனை. நல்லது வரப் போகுதுங்கற எதிர்பார்ப்புல துடிக்கற மூளைப்பகுதி பழகின மனுஷனோட வாசனைக்குத்தான் எல்லாத்தையும் விட அதிகமா துடிச்சிருக்கு. அந்த மனுஷன் அப்ப அந்த ரூம்லயே இல்ல, வெறும் வாசனை மட்டும்தான். ரொம்ப நாள் பயணம்னா ரெண்டு மூணு சட்டைய தனித்தனி கவர்ல கட்டி வெச்சுட்டுப் போங்க, வீட்டுல இருக்கறவங்க 3 நாளுக்கு ஒண்ணா எடுத்து அது படுக்கையில போடட்டும்.

கேள்வி: (பேர் வேண்டாம்னு எழுதியிருக்காங்க) ரெண்டு நாய் வளர்த்தோம். போன மாசம் நான் 12 நாள் வேலைக்காக வெளிய இருந்தப்போ பெரிய பொண்ணு வயித்துல ஏதோ திருகி ஒரே ராத்திரியில போயிட்டா. வீட்டுல எனக்கு மறுநாள்தான் சொன்னாங்க. திரும்பி வந்தேன், சின்னவன் என்கிட்ட ஓடி வந்தான், அப்புறம் என்னைத் தாண்டி வெளிய போய் வாசல் கேட் பக்கத்துல நின்னு ரோட்டையே பார்த்தான், அவளையும் நான் கூட்டிட்டு வந்திருப்பேன்னு நினைச்சான் போல. என்னால தாங்க முடியல. நான் இருந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமா?

பதில்: இந்தக் கடிதத்த நாலு நாள் வெச்சிருந்துட்டு இப்பதான் பதில் எழுத உட்கார்றேன்.

நீங்க சொல்றத வெச்சுப் பார்த்தா வயிறு உப்பித் திருகிக்கற பிரச்சனைன்னு தோணுது. நெஞ்சு ஆழமா இருக்கற பெரிய ஜாதிங்களுக்கு அதிகம் வரும், சில மணி நேரத்துலயே உயிரக் கொண்டு போயிடும், உடனே ஆபரேஷன் பண்ணினாலும் எல்லாம் பிழைக்கறது இல்ல, ஆள் பக்கத்துலயே தூங்கிகிட்டு இருக்கறப்பவே போனதுங்களும் உண்டு. மத்தவங்களும் இத தெரிஞ்சு வெச்சுக்குங்க, வயிறு உப்பி, வாந்தி எடுக்க முக்கி ஒண்ணும் வராம, நிலைகொள்ளாம சுத்தினா விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. ஆனா உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இது இல்ல. அவ கடைசி ராத்திரி தெரியாதவங்க நடுவுல இல்ல, அவ வீட்டுல, அவ ஆளுங்களோட, அவ தம்பியோட இருந்தா. நீங்க 12 நாள் போனது அவங்க சாப்பாட்டுக்கும் சேர்த்துதான். நீங்க திரும்பி வருவீங்கங்கறதுல அவளுக்கு எந்த சந்தேகமும் இருந்திருக்காது, ஒவ்வொரு தடவையும் நீங்க வந்திருக்கீங்க. மறுநாள் சொன்னவங்க மேல கோவம் இருந்தா அதையும் மெதுவா இறக்கி வைங்க, ராத்திரியில அவ்வளவு தூரத்துல இருக்கறவங்ககிட்ட எப்படி சொல்றதுன்னு தெரியாம தவிச்சிருப்பாங்க.

சின்னவன் தேடறது நீங்க கற்பனை பண்றது இல்ல. இத்தாலியில, ஒண்ணுக்கு மேல நாய் வளர்த்து அதுல ஒண்ண இழந்த 426 பேர்கிட்ட கேட்டு 2022ல ஒரு ஆராய்ச்சி வந்தது, அதுல 86 சதவீதம் பேர் மிச்சம் இருக்கற நாய்கிட்ட மாற்றம் தெரிஞ்சதுன்னு சொல்லியிருக்காங்க, விளையாட்டு குறையறது, சாப்பாடு குறையறது, நம்மளயே ஒட்டிகிட்டு இருக்கறது. சிலதுக்கு மாசக்கணக்குல நீளும். வளர்க்கறவங்க துக்கம் அதிகமா இருக்கற வீட்டுல நாயோட மாற்றமும் அதிகமா தெரிஞ்சிருக்கு. அதனால அவன் முன்னாடி அழக்கூடாதுன்னு இல்ல, அழுங்க, ஆனா அவனோட நேரங்கள மாத்தாதீங்க. காலையில நடை, சாப்பாட்டு நேரம், தூங்கற இடம் எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவ படுத்த துணிய உடனே துவைக்க வேண்டாம், அவனே அத விட்டு நகர்ற வரைக்கும் கிடக்கட்டும். அவனுக்குத் துணைன்னு அவசரமா இன்னொரு குட்டி கொண்டு வராதீங்க. முடிஞ்சா அடுத்த ரெண்டு மாசம் நீண்ட பயணத்தத் தள்ளிப் போடுங்க, முடியலன்னா போங்க, போயிட்டு வந்து அவன் கேட் பக்கத்துல போய் நின்னா கூப்பிடாதீங்க. நீங்களும் போய் பக்கத்துல உட்காருங்க. அவன் திரும்பறப்போ சேர்ந்து உள்ள வாங்க.

கேள்வி: எங்க தாத்தா நாய்க்கு 14 வயசு. காது சுத்தமா கேக்கல, கண்ணும் மங்கல். போன தடவை நான் டூர் முடிஞ்சு வந்தப்போ தூங்கிகிட்டு இருந்தான், தொட்டதும் பயந்து என்னைக் கடிக்கவே வந்துட்டான். அப்புறம் யாருன்னே தெரியாத மாதிரி நின்னான். முன்னாடி எல்லாம் என் வண்டி தெருமுனையில வர்றப்பவே தெரிஞ்சுக்குவான்.

பதில்: என் பெரியவனும் இப்ப அந்த இடத்துலதான் இருக்கான், அதனால அனுபவத்துல இருந்தே சொல்றேன். தூங்கற செவிட்டு நாயத் தொட்டு எழுப்பாதீங்க. கொஞ்சம் தள்ளி நின்னு தரையில ரெண்டு தடவை பாதத்த அழுத்தித் தட்டுங்க, அந்த அதிர்வு உடம்புல தெரியும். அதுலயும் எழுந்திருக்கலன்னா மூக்குக்குப் பக்கத்துல உங்க உள்ளங்கைய வெச்சுகிட்டு காத்திருங்க. கண்ணு காது போன அப்புறமும் பெரும்பாலும் மூக்கு மிச்சம் இருக்கும். கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடியே மூக்கு அசையறத நீங்களே பார்க்கலாம்.

யாருன்னு தெரியாம நின்னது ஒரு தடவைதான்னா தூக்கக் கலக்கமா இருக்கும். ஆனா மூலையில போய் மாட்டிகிட்டு நிக்கறது, கதவு திறக்கற பக்கத்த விட்டுட்டு கீல் பக்கம் நிக்கறது, ராத்திரி முழுக்க நடக்கறது இதெல்லாம் இருந்தா வயசான நாய்ங்களுக்கு வர்ற மூளைத் தேய்மானமா இருக்கலாம். 2001ல வந்த ஒரு ஆராய்ச்சியில 11, 12 வயசு நாய்ங்கள்ல 28 சதவீதத்துக்கும், 15, 16 வயசு நாய்ங்கள்ல 68 சதவீதத்துக்கும் இதுல ஒரு அறிகுறியாவது இருந்திருக்கு. முழுசா குணமாகாது, ஆனா மருந்தும் அதுக்குன்னு உணவும் இருக்கு, சீக்கிரம் போனா நல்ல நாட்கள் அதிகம் கிடைக்கும். வீட்டுல சாமான இடம் மாத்தாதீங்க, ராத்திரியில நடைபாதையில ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

அப்புறம் குட்டி இருக்கற வீட்டுக்கு நான் மேல சொன்ன சோப்பு போடறது, துணி மாத்தறதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். தடுப்பூசியெல்லாம் ஒழுங்கா போட்டிருந்தா, கை மட்டும் வெறும் தண்ணியில கழுவிட்டு, குளிக்காம, வாசனை எதுவும் அடிச்சுக்காம, வீட்டுல நீங்க வழக்கமா போடற பழைய சட்டைய மாட்டிகிட்டு அவன் பக்கத்துல தரையில படுத்துடுங்க. போன வாரம் நான் வந்தப்போ பெரியவன் என் கைய மோந்தான், முழங்கைய மோந்தான், கழுத்து வரைக்கும் வந்து நிறுத்தி ரொம்ப நேரம் மோந்தான், அப்புறம் வால் தரையில ஒரு தடவை தட்டுச்சு, கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு தடவை.